நின்றதும் இருந்ததும்

என் பேரன் ஹனோவரில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தார்கள். அம்மப்பாவோ அம்மம்மாவோ அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதவேண்டும். முழுவதும் இறந்தகாலத்தில் இருக்கவேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பான கட்டளை. கொப்பியும் பென்சிலுமாக வந்து என் முன்னால் இருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனில் தொடங்கினேன். மூன்றாவது வசனத்திலேயே பென்சிலை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டான்.

"அம்மப்பா, 'இ பென் க்வெ' எண்டு இங்க ஒருத்தரும் சொல்லுறேல்லை. 'இஹ் வார்' எண்டு சொல்லுங்கோ."

நான் இருந்தேன் என்பதற்கு நாற்பது வருடமாக நான் சொல்லிவருவது 'இ பென் க்வெ' என்றுதான். அதைச் சொல்லி வேலை எடுத்திருக்கிறேன், வீடு எடுத்திருக்கிறேன், பல்லுக்கூடக் கழற்றியிருக்கிறேன். ஒன்பது வயதுப் பொடியன் ஒரே கோட்டில் அதை வெட்டிவிட்டான்.

1984 நவம்பரில், கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன் ஒரேயொரு சொல். 'அசூல்.' ஏஜென்சிக்காரர் சொல்லித் தந்தது. மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். ரயிலில் பிரீட்ரிஹ்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து, அங்கே மேற்கே போகிற ரயிலுக்கு மாறினால் மேற்கு பேர்லின். அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. பேர்லினுக்கு நடுவே ஓடிய அந்தக் கோட்டை ஒரு நாட்டெல்லை என்று மேற்குப் பக்கத்தார் ஒப்புக்கொள்ளாததால், அதில் ஆள் நிறுத்திக் காவல் பார்க்க அவர்களுக்கு மனமில்லை. பெரிய அரசுகளின் பிடிவாதம் எப்போதாவது ஏழைகளுக்கும் உதவும். அந்த இடுக்கால் எங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நுழைந்தோம்.

பேர்லினில் வைத்திருக்காமல் எங்களைப் பல மாநிலங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு விழுந்தது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். ஷ்வேபிஷ் பேசுகிற மண். அது ஒரு தனி மொழி என்றோ, ஹனோவரில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்றோ அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நாளில் எங்களைப் போன்றவர்களுக்கு மொழி வகுப்புக் கிடையாது. வேலை செய்யவும் விடமாட்டார்கள். திரும்பிப் போகப்போகிறவனுக்கு எதற்கு இலக்கணம் என்பது அவர்களுடைய கணக்கு. அகதி விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர் படுத்துக்கொண்டு, சோசல் காசில் கோழி வாங்கிக் கறிவைத்துக்கொண்டு, கடிதக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே போனால் ஜெர்மன்காரர் எங்களோடு வினைச்சொல்லை முளைக்காத விதை மாதிரி அப்படியே போட்டுக் கதைத்தார்கள். 'நீ நேற்று எங்கே போதல்?' 'நீ காசு கொடுத்தல்?' எங்களுக்கு விளங்கவேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சந்தித்த எல்லோரும் இப்படியே கதைத்ததால், இந்த மொழியில் இறந்தகாலமே இல்லையாக்கும், நல்ல சனங்கள் என்று நினைத்து இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தோம்.

தேவாலயக்காரர் கொண்டுவந்து தந்த பழைய உடுப்புப் பெட்டிக்குள் ஒரு இலக்கணப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. அதைத் திறந்ததோடு அந்த நிம்மதி போனது.

இறந்தகாலம் ஒன்றல்ல, மூன்று. முதலாவது பெர்ஃபெக்ட், வாயால் பேசுவதற்கு. இரண்டாவது பிரெட்டெரிட்டும், எழுதுவதற்கும் கதை சொல்வதற்கும். மூன்றாவது புளுஸ்க்வாம்பெர்ஃபெக்ட், நடந்ததற்கு முன்னால் நடந்ததற்கு. இந்த மூன்றாவதைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சம்பவம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வாய்க்கு ஒன்று, கடதாசிக்கு ஒன்று என்பது எங்களுக்குப் புதினமில்லை. யாழ்ப்பாணத்தில் யாராவது 'நான் நேற்று வந்தேன்' என்று வீட்டுக்குள்ளே சொன்னால், மேடையில் ஏறிவிட்டாயோ என்று கேட்பார்கள். வாய்க்கு 'வந்தனான்', 'வந்திட்டன்', 'வந்திருந்தனான்'. கடதாசிக்கு மட்டுந்தான் 'வந்தேன்'. ஆகவே ஜெர்மன்காரர் எங்கள் ஆட்கள்தான் என்று துணிந்து புத்தகத்தைத் தொடர்ந்தேன்.

பெர்ஃபெக்ட் எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது. துணைவினையை முன்னால் வைத்துவிட்டு, நேற்று, கடையில், பால், இரண்டு போத்தல் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசியில் 'வாங்கின' என்று வினையைப் போடவேண்டும். மார்க் ட்வெயின் 1880இல் ஜெர்மன் மொழியைத் திட்டி ஒரு கட்டுரை எழுதினார். வினைச்சொல் எங்கேயோ தூரத்தில் போய்க் கிடக்கிறது என்பது அதில் அவருடைய பெரிய முறைப்பாடுகளில் ஒன்று. வினை கடைசியில் வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து பழகிய தமிழனுக்கு இதில் என்ன கஷ்டம்? ட்வெயின் தமிழ் தெரிந்துகொண்டு ஹைடெல்பெர்க் போயிருந்தால் ஒரு கட்டுரை குறைந்திருக்கும்.

இடைஞ்சல் அந்தத் துணைவினையில் இருந்தது. சில வினைகளுக்கு 'ஹாபன்', சிலவற்றுக்கு 'ஸைன்'. போதல், வருதல், ஓடுதல், விழுதல், சாதல் எல்லாம் 'ஸைன்' கோஷ்டி. இடம் மாறினாலும் நிலை மாறினாலும் 'ஸைன்' போடு என்றது புத்தகம். சரி என்று தலையாட்டினேன். அடுத்த வரியில் 'ப்ளைபன்', அதாவது தங்கியிருத்தல், அதுவும் 'ஸைன்' என்றிருந்தது. அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது எப்படிப் பயணமாகும்? அப்போது விளங்கவில்லை. கொஞ்சக் காலத்தில் என் கடவுச்சீட்டுக்குப் பதிலாக 'டுல்டுங்' என்று ஒரு கடதாசி கையில் தந்தார்கள். பொறுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அனுமதியுமில்லை, அனுப்புவதுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் முத்திரை குத்திக்கொண்டு அதே கட்டிலுக்குத் திரும்பிவந்தேன். தங்கியிருத்தல் பெரிய பயணந்தான். புத்தகம் எழுதியவர் விஷயம் தெரிந்த ஆள்.

அதற்கு முதலே என் கேஸ் விசாரணைக்கு வந்திருந்தது. நான் ஒன்பது வாரம் இலக்கணம் படித்த திமிரோடு போனேன். அதிகாரி, தட்டச்சு செய்கிற பெண், மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப்பக்கம். எழுபதுகளில் படிக்க வந்தவர், கோட்டுப் போட்டிருந்தார். நான் ஊரை விட்டு வருகிறபோது ஆனையிறவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கிய கதைக்கு வந்தோம். அங்கே என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இஹ் ஹாப கெஷ்டாண்டன்."

வெயிலில் வரிசையாக நின்றேன் என்று சொன்னதாக என் நினைப்பு. தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"எதை?" என்றார்.

நிற்பதற்கு எதை என்றொரு கேள்வி உண்டா? ஆளைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "எல்லோரும்," என்றேன். "பஸ்ஸில் வந்த எல்லோரும்."

"பிறகு?"

பிறகு ஆமிக்காரர் எங்களை றோட்டோரமாக நிலத்தில் இருக்கச் சொன்னார்கள். அதையும் புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். "டான் ஹாப இஹ் கெஸெஸன்."

"எவ்வளவு காலம்?"

"இரண்டு மணித்தியாலம்."

மொழிபெயர்ப்பாளர் என் கையைப் பிடித்தார். "தம்பி, நீர் இனித் தமிழிலயே சொல்லும்," என்றார். பிறகு அவர்களுக்கு ஏதோ நீளமாக விளக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. தட்டச்சுப் பெண் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு கடதாசியை உருவி எடுத்துப் புதிதாக ஒன்று செருகினாள்.

நடந்தது இதுதான். 'ஷ்டேஹன்' என்றால் நிற்றல். 'கெஷ்டேஹன்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளல். இரண்டுக்கும் இறந்தகால எச்சம் ஒன்றே: 'கெஷ்டாண்டன்'. வடக்கே நிற்பதற்கும் 'ஹாபன்' போடுவார்கள். பேச்சின் போக்கைப் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். தெற்கே நிற்பதற்கு 'ஸைன்' போடுவார்கள். ஆகவே தெற்கே ஒருவன் 'ஹாப கெஷ்டாண்டன்' என்றால் அவன் நிற்கவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டான். இருத்தலும் அப்படித்தான். 'ஹாப கெஸெஸன்' என்று மொட்டையாகச் சொன்னால் மறியலில் இருந்தவன் என்று எடுப்பார்கள். ஒரு பஸ் நிறையச் சனம் என்னவென்றே தெரியாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் மறியலில் இருந்ததாக நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். பெட்டிக்குள் கிடந்த அந்தப் புத்தகம் வடக்கத்தையது. என்னை ஹனோவருக்கு அனுப்பியிருந்தால் நான் வெறுமனே நின்றிருப்பேன்.

எங்கள் சொல்லும் லேசுப்பட்டதல்ல என்று பிறகு யோசித்தேன். கதிரையில் இருந்தன், ஊரில் இருந்தன், பூசாவில் இருந்தன். எல்லாவற்றுக்கும் ஒரே இருத்தல். பூசா என்று கேட்டதும் ஊர்க்காரனுக்கு அது தடுப்புமுகாம் என்று விளங்கிவிடும். அதிகாரிக்கு எப்படி விளங்கும்?

வேலை செய்ய அனுமதி வந்தபிறகு, ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். முதலாளியின் தாய், எல்லோரும் ஓமா என்று கூப்பிடுகிற கிழவி, மூலையில் இருந்து உருளைக்கிழங்கு சீவுவார். என்னோடு முளைக்காத விதைகளில் கதைக்காத முதல் ஜெர்மன் ஆள் அவர்தான். எனக்காக ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கமாட்டார். அவர் பேசியது சுத்த ஷ்வேபிஷ். மைன் நதிக்குத் தெற்கே பேச்சில் பிரெட்டெரிட்டும் செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. புத்தகங்களில் எல்லா ஜெர்மன்காரரும் சொல்வதாகப் போட்டிருக்கிற 'வார்' என்ற சின்னச் சொல்லைக்கூட அந்தக் கிழவி சொல்லமாட்டார். இருந்தேன் என்பதற்கு 'இ பென் க்வெ'. நான் அவரிடந்தான் படித்தேன். ஆகவே என் ஜெர்மனில் பாதி இறந்தகாலம் பிறக்கவேயில்லை.

எனினும் புத்தகத்தை விடவில்லை. கடைசிப் பக்கங்களில் இருந்த ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலைக் கிழித்து, பொலித்தீன் உறைக்குள் போட்டு, கழுவுகிற தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அகர வரிசை. முதலாவது 'பாக்கன்', மாவேற்றிச் சுடுதல், பாண் கேக் வகையறா. பாக்கன், பூக், கெபாக்கன். ஒரு தட்டுக்கு ஒரு வினை என்று கணக்கு. ஒவ்வொரு நாளும் முதல் தட்டு 'பூக்'கோடுதான் தொடங்கும். சனிக்கிழமை இரவில் பட்டியல் மூன்று தரம் சுற்றிவரும்.

ஒருநாள், வேலைத் திணைக்களம் ஒன்றில், இதுவரை என்ன செய்தாய் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வேலை செய்தலுக்கு 'ஷாஃபன்' என்பார்கள். அதன் எச்சம் 'கெஷாஃப்ட்'. பட்டியலிலும் ஒரு 'ஷாஃபன்' இருந்தது. அது வேறு வினை, அதன் எச்சம் 'கெஷாஃபன்'. பட்டியலில் உள்ளதுதான் மரியாதையான வடிவமாக்கும் என்று அதையே சொன்னேன். அதற்கு அர்த்தம் படைத்தல். இரண்டு வருடமாக ஒரு குசினியில் படைத்துக்கொண்டிருக்கிறேன் என்றதும் அந்த அம்மா, "ஆறு நாளிலா?" என்று கேட்டார். பைபிள் நகைச்சுவை என்று ஓமா விளக்கிய பிறகுதான் சிரித்தேன்.

'பாக்கன்' முதல் கடைசி வினைவரைக்கும் ஏன் இப்படி, 'ஸிங்கன்' ஏன் 'ஸாங்' ஆகவேண்டும், 'ஹிங்கன்' என்று நொண்டுகிறவன் ஏன் 'ஹாங்' ஆகக்கூடாது என்று நான் கேட்டால் ஓமா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "தெஸ் இஷ் ஹால்ட் ஸோ." அது அப்படித்தான்.

1991இல் மகள் பிறந்தாள். பிரெட்டெரிட்டும் என்னும் எழுத்து இறந்தகாலம் எனக்குப் பிடிபட்டது அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில்தான். பழைய புத்தகச் சந்தையில் இரண்டு மார்க்குக்கு வாங்கிய கிரிம் சகோதரர் கதைகள். ஓநாய் வந்தது, பேசியது, விழுங்கியது. சூனியக்காரி எரிந்தாள். எல்லாம் பிரெட்டெரிட்டும். தட்டுக்குத் தட்டு மனப்பாடம் செய்த சொற்களெல்லாம் இரவில் உயிரோடு எழும்பி நடமாடின. அந்தச் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம்தான் 1819இல் வெளிவந்த தன் இலக்கண நூலில் வினைகளைப் பலமானவை, பலவீனமானவை என்று பிரித்துப் பெயர் வைத்தவர் என்று பிறகு அறிந்தேன். உள்ளே உயிரெழுத்து மாறி இறந்தகாலம் ஆவது பலமான வினை. வால் மாதிரி ஒரு 'ட' ஒட்டினால்தான் ஆகும் என்பது பலவீனமானது. ஓநாய்க் கதையையும் இந்தப் பட்டியலையும் ஒரே ஆள் தந்திருக்கிறார். இரண்டிலும் பயப்படுத்துகிற கை ஒன்றுதான்.

படித்ததைப் பாவிக்காமல் இருக்க முடியுமா? அடுத்த நாள் குசினியில் ஒரு பெரிய பாத்திரம் விழுந்து உடைந்தது. யார் உடைத்தது என்று சமையற்காரர் கத்தினார். நான் கதைப்புத்தகத்து வடிவில் பதில் சொன்னேன். பாத்திரம் வழுக்கிற்று, வீழ்ந்தது, நொறுங்கிற்று. குசினி முழுக்க அமைதி. பிறகு அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுன்னாகம் சந்தையில் ஒருவன் வந்து, 'யான் கத்தரிக்காய் கொணர்ந்தேன், அவை வாடின' என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. அந்த உணவகத்தை விட்டுப் போகும்வரை என் பெயர் 'பாஸ்டர்'. நல்ல காலம், பாத்திரத்துக்குக் காசு கழிக்கவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 2005இலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு அரசாங்கமே 600 மணித்தியாலம் மொழி படிப்பிக்கிறது. பலருக்கு அது கட்டாயம். எங்களுக்குப் படிக்கக் கேட்டும் தராதவர்கள், இப்போது படிக்காவிட்டால் கடிதம் போடுகிறார்கள். 2007இலிருந்து கல்யாணம் கட்டி வருகிற பெண்பிள்ளை ஊரிலேயே ஆரம்பச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணவேண்டும். என் சகோதரியின் மகனுடைய மனைவி விமானம் ஏறமுன்னமே கொழும்பில் 'இஹ் ஹாப கெகெஸன்', நான் சாப்பிட்டிருக்கிறேன், என்று எழுதிப் புள்ளி வாங்கியவள். நாங்கள் வந்து இறங்கியபோது சாப்பிட்டுமிருக்கவில்லை, அதைச் சொல்லவும் தெரியாது.

அந்தப் பிள்ளை எந்த வினைக்கு 'ஸைன்' என்று கைத்தொலைபேசியில் பச்சைக் குருவியிடம் படிக்கிறது. பிழை விட்டால் குருவி கவலைப்படுமாம். என் காலத்தில் தட்டச்சு இயந்திரம் நின்றது.

சரி, பேரனிடம் வருவோம். 'வார்' என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தேன். என் அம்மா வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தபோது என்று ஒரு வசனம். அந்த 'போது'வுக்கு நான் 'வென்' என்று சொன்னேன். பென்சில் மறுபடி உயர்ந்தது.

"பிழை, அம்மப்பா. இறந்தகாலத்தில ஒருக்கா நடந்ததுக்கு 'அல்ஸ்'. திரும்பத் திரும்ப நடந்ததுக்குத்தான் 'வென்'. டீச்சர் சொன்னவ."

விதி சரிதான். எனக்கும் தெரியும். 1987இல் ஒருமுறை ஓடினார். 1990இல் ஒருமுறை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள்ளே வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அதற்குள்ளே ஒருமுறை. நான் அப்போது இங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அதில நீ கேக்கிறது எந்த முறை?" என்றேன்.

பேரன் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் 'வென்' என்றே எழுதினான்.

சனிக்கிழமைகளில் அவன் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். அங்கேயும் இறந்தகாலந்தான் நடக்கிறது. த், ட், ற், இன் என்று இடைநிலைகள். அன்று பின்னேரம் தமிழ்க் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். 'நான் பந்தை விட்டேன். நான் பந்தை எட்டேன்.' சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. விடு விட்டேன் என்றால் எடு ஏன் எட்டேன் இல்லை என்று கேட்டான். நடு நட்டேன்தானே? கொடு ஏன் கொட்டேன் இல்லை? கெடு மட்டும் ஏன் கெட்டேன் என்றும் வருகிறது, கெடுத்தேன் என்றும் வருகிறது?

நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"அது அப்படித்தான்," என்றேன்.

போகிற போக்கில் இன்னொரு வசனத்தையும் திருத்திவிட்டுப் போனான். நத்தாருக்கு ஓமா கேக் சுட்டார் என்று அவனுக்குச் சொன்ன இடத்தில், பெருமையோடு 'பூக்' என்று போட்டிருந்தேன். தொட்டிக்கு மேலே ஒட்டிய பட்டியலின் முதல் வினை. முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அதற்கு ஒரு இடம் வாய்த்தது. அவன் அதை வெட்டி 'பாக்ட' என்று எழுதினான். டூடன் அகராதியை எடுத்துப் பார்த்தேன். பொடியன் சொன்னது சரி. 'பாக்ட' என்பதுதான் இப்போது வழக்கு, 'பூக்' பழையது என்று போட்டிருக்கிறது. கிரிம் பலமானது என்று சொன்ன வினை வால் முளைத்துப் பலவீனர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

என்னிடம் அந்தச் சொல் இருக்கிறது. ஒருநாளும் பாவித்ததில்லை, புத்தம் புதிது. யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.